நாலாம் பத்தின் வேண்டுதல்

துணி ஊறப்போடுவதற்கு முன் அருள்மேரி உடுப்புகளின் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்துவிடுவாள். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து புருஷன் ஜெரால்ட் பிடிவாதமாக வாங்க வைத்தது. அதில் போர்வையும் திரைச்சீலையும்தான் போகும். மகளின் யூனிஃபார்ம் கைத்துவையல்தான். 'மெஷினுக்குக் காலர் அழுக்கு தெரியுமா?' என்பது வெளியில் சொல்லும் காரணம். பை, காலர், துப்பட்டா முனை எல்லாவற்றையும் ஒரு தடவை மோந்து பார்க்கலாம் என்பது சொல்லாத காரணம்.

திருக்காட்டுப்பள்ளியில் அவள் சுபாவம் எல்லோருக்கும் தெரியும். மீன்காரரிடம் செவுளை அவளே திறந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். குத்தகைக்கு விட்ட மூன்று மா நிலத்தில் அறுவடை என்றால், கடைசி மூட்டை தைத்து முடியும்வரை குடையோடு வரப்பில் நிற்பாள். "அந்தம்மா பூசைக்குப் போனா சாமியார்கிட்டயே ரசீது கேக்கும்" என்று குத்தகைக்காரர் கோவிந்தராசு சிரிப்பார். ஆனால் அவர் மனைவிக்கு வலி எடுத்த அன்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அருள்மேரிதான். கல்யாணமான மறுவருஷமே புருஷன் வெளிநாடு போய்விட்டான். அதிலிருந்து யாரிடமும் ஏமாறாமல் இருப்பதே அவளுக்கு முழுநேர வேலை.

இந்த அக்டோபரில் அவள் சந்தேகம் முழுக்க மகள் ஜெனிட்டா மேல். பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவதில் முன்வரிசை மார்க் வாங்கியவள், காலாண்டில் கணக்கிலும் பிசிக்ஸிலும் பெயில். தட்டில் பாதிச் சோறு மிஞ்சுகிறது. பாத்ரூமுக்குள் போனால் தண்ணீர்ச் சத்தம் வருகிறது, ஆள் வருவதில்லை. அருள்மேரிக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான்: பையன்.

போனை வாங்கித் துழாவினாள். டியூஷன் விடுகிற நேரம் எதிர்க் காய்கறிக் கடையில் கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டுவதுபோல நின்று பார்த்தாள். ஒருவனும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் கூடியது. கடைசியில் கோவிந்தராசுவின் மகள் வானதியைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு.

"நீ அவ பக்கத்துலேயே இரு வானதி. எவனாச்சும் பேசினா எங்கிட்ட வந்து சொல்லு. உன்ன விட்டா ஆன்ட்டிக்கு வேற ஆளு கெடையாது."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் வானதி, நிமிராமல்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் வானதிக்கும் இங்கேதான் சாப்பாடு. மீன் வறுத்தால் நடுத்துண்டு அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க் விஷயமும் அருள்மேரியின் சந்தேகமும் ஜெரால்டுக்குத் தெரிந்துவிட்டன. போனிலிருந்து அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"திருச்சியில சிஸ்டர்மாருங்க ஹாஸ்டல்ல போட்டுடு. அங்கதான் வெளிய தலை காட்ட விடமாட்டாங்க. பையன் எவன்னு சாயந்தரத்துக்குள்ள கண்டுபிடி, மறுபடி பேசறேன்."

"என்ன அங்க அனுப்பாதம்மா" என்றாள் ஜெனிட்டா. "அங்க எனக்குப் பேச ஒருத்தரும் இல்ல. சத்தியமா படிக்கமாட்டேன்."

"அப்ப எவன்னு சொல்லு."

ஜெனிட்டா பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தினாள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். விளக்கு வைத்ததும் மாதா படத்துக்கு முன் இருவரும் உட்காருவார்கள். ஒருத்தி மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னால் மற்றவள் பின்பாதி. மாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பத்துகள்; ஒவ்வொரு பத்துக்கு முன்னும் அது எதற்காக என்று வாய்விட்டு ஒரு வேண்டுதல் சொல்வது வழக்கம். சொன்ன பிறகு அந்தப் பத்து முடியும்வரை வேறு பேச்சு கூடாது. அது அருள்மேரி தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டம்.

மூன்றாம் பத்துக்கு அவள் குரலை உயர்த்தினாள். "எம் மக மனசக் கெடுத்து வச்சிருக்கானே ஒருத்தன், அவன் எவனா இருந்தாலும், மாதாவே, இவள விட்டு வெலகிப் போயிடணும்."

ஜெனிட்டாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சட்டப்படி மாலையின் பத்து மணிகளும் உருண்டன.

நாலாம் பத்து மகளுடையது. வழக்கமாக 'அப்பா சுகமா இருக்கணும்' என்று முடித்துவிடுவாள். இன்று மணியைப் பிடித்தபடியே இருந்தாள்.

"பையன் யாரும் இல்ல மாதாவே. எனக்குப் பையனுங்க மேல அப்படித் தோணவே இல்ல. ஒரு பொண்ணு மேலதான் தோணுது. அது அதுதானா, இல்ல வேற எதாச்சுமான்னும் தெரியல. கிளாஸ்ல உக்காந்தா இதேதான் ஓடுது, கணக்கு ஏற மாட்டேங்குது. எனக்கு என்னன்னு எனக்கே தெரியணும். அதுக்காக."

மூச்சுக்கூட விடாமல் மந்திரத்தைத் தொடங்கிவிட்டாள்.

அருள்மேரி பின்பாதியைச் சொல்லியாக வேண்டும். வாய் சொன்னது, கண் மகளின் விரல்களை வேவு பார்த்தது. எவள் சொல்லிக்கொடுத்தது இதை என்று முதலில் நினைத்தாள். பிறகு, போனில் எதையோ பார்த்திருக்கிறாள். அதற்கும் பிறகு, இது நாடகம், பையனை ஒளித்து வைக்கப் பார்க்கிறாள். பாதிப் பத்து போனபோது, நாடகம் போடுகிறவள் அதை மாதாவுக்கு முன்னால் போடமாட்டாள் என்று பட்டது. ஏழாவது மணியிலோ எட்டாவது மணியிலோ வானதி நினைவுக்கு வந்தாள். தானே கூப்பிட்டு, பக்கத்திலேயே இரு என்று சொல்லி, நடுத்துண்டும் வைத்த வானதி. அருள்மேரிக்குப் பின்பாதி ஒரு வார்த்தை தப்பிப்போயிற்று.

பத்து முடிந்து அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"என்ன அருளு, எவன்னு தெரிஞ்சிதா?"

ஜெனிட்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பையன் கியன் ஒருத்தனும் இல்லைங்க."

"நல்லா விசாரிச்சியா?"

"நான் விசாரிக்காம விடுற ஆளா? கணக்கு ஏறலைங்குறா, அவ்வளவுதான். ஹாஸ்டல் வேணாங்க, எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் நான் டீச்சரப் பாக்குறேன்."

"அரையாண்டுலயும் கோட்டை விட்டா?"

"அப்ப என்னக் கேளுங்க."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பொய் சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீயும் இப்போதைக்கு ஊர்ல எவகிட்டயும் வாயத் தொறக்காத. எங்கிட்டப் பேசு. எனக்கு இதெல்லாம் புரியலடி, புரியலன்னாலும் கேக்குறேன். உனக்குத் தெரியலன்னா மெதுவாத் தெரிஞ்சிக்க. அதுக்காகப் பொஸ்தகத்த மூடி வைக்காத."

"ம்" என்றாள் ஜெனிட்டா. தோள் கொஞ்சம் இறங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். அருள்மேரிக்கு எதையும் அதோடு விட்டுப் பழக்கமில்லை.

"வானதிக்குத் தெரியுமா இது?"

ஜெனிட்டா ஜெபமாலையைப் படத்துக்கு முன் வைத்தாள். இன்னும் ஒரு பத்து பாக்கி இருந்தது. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.