எண்ணூறு பேர் திரும்பிய பக்கம்

சில்வி ரௌட்டியோ இறந்த மறுநாள் ஹெல்சிங்கி பத்திரிகை ஒன்று அவருக்கு ஒதுக்கிய இடம் மூன்று வரி. "துணை வேடங்களில் நடித்தவர்" என்று போட்டிருந்தார்கள். துணையாம்! எங்கள் ஊர் நாடகக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் இயந்திரம் ஓட்டிய ஒய்வா நான். அந்தத் துணை மட்டும் இல்லையென்றால் எங்கள் கதாநாயகர்களில் பாதிப் பேர் மேடையில் கதவைத் திறக்கவே திணறியிருப்பார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சில்வி எங்கள் ஹாப்பகோஸ்கியில், பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பதினாறு வயதில் தறிக்கு முன்னால் நின்றுவிட்டார். தறிச் சத்தத்தில் யார் பேசுவதும் காதில் விழாது. பெண்கள் உதட்டைப் பார்த்தும் புருவத்தை ஏற்றி இறக்கியுமே ஊர்வம்பு பேசி முடிப்பார்கள். முகத்தால் பேச அங்கேதான் படித்தேன் என்பார். சனிக்கிழமைகளில் தொழிலாளர் மன்ற மேடையில் நடித்தார். இருபத்து நான்கு வயதில் ஊர் நாடகக் குழு அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

அன்று முதல் வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, மருத்துவச்சி, தபால் ஆபீஸ் அம்மாள். கதாநாயகிக்கு அவர் முகம் தோதுப்படாது என்று ஒவ்வொரு மேலாளரும் ஒவ்வொரு தினுசாகச் சொன்னார்கள். சில்வி அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் எந்த வேலைக்காரி வேடம் வந்தாலும் அவளுக்கு உடம்பில் எங்கே வலி என்று முதலில் முடிவு செய்துகொள்வார்.

"இவளுக்கு இடது குதிகால். போன நாடகத்துல வந்தவளுக்கு இடுப்பு. வலி எங்கன்னு தெரிஞ்சுட்டா நடை தானா வந்துரும், ஒய்வா."

"எல்லாருக்கும் எங்கயாவது வலிச்சே ஆகணுமா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் வேலைக்காரியா இருந்து பாரு. தெரியும்."

வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் ஹெல்சிங்கிக்குப் போய்ப் படங்களிலும் நடித்துவிட்டு வருவார். திரையில் இரண்டு நிமிஷம் இருப்பார். அதற்குள் பால் குவளையைக் கீழே வைக்கிற விதத்திலேயே அந்த வீட்டின் சண்டை முழுவதும் நமக்குப் புரிந்துவிடும். ஊரில் அவரை யாரும் நடிகை என்று ஒதுங்கி நின்று பார்த்ததில்லை. மீன் சந்தையில் கடைக்காரன் ஒருவன் கிண்டல் செய்தது நினைவிருக்கிறது.

"போன ஞாயித்துக்கெழம படத்துல உங்களைப் புதைச்சாங்களே, நான் அழுதுட்டேன். இன்னைக்கு மீனுக்கு வந்து நிக்கிறீங்க?"

"புதைச்சவங்க சோறு போடலையே. ஒரு கிலோ போடு. போன தடவை மாதிரி நசுங்கினதா பொறுக்கிப் போட்டா உன்னைப் புதைச்சுருவேன்."

அறுபதுகளின் கடைசியில் ரைமோ ஹெல்ஸ்டன் என்ற புது மேலாளர் வந்தார். எங்கள் தொழிலில் நடிகர்களுக்கு வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த பிப்ரவரியில் சில்விக்கு மட்டும் புதுப்பிக்கவில்லை. "மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலைக்காரி எதுக்கு? வேணும்னா யாரையாவது கூப்பிட்டுக்கலாம்" என்று ஹெல்ஸ்டன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பழைய ஒப்பந்தம் முடியும் ஆகஸ்டுக்குப் பிறகு சில்விக்கு வேலை இல்லை, குழு கொடுத்திருந்த அறையும் இல்லை. வயது நாற்பத்தேழு. நடிப்பதையும் தறி ஓட்டுவதையும் விட்டால் வேறு தொழில் தெரியாது. பஞ்சாலையையோ அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கோடை நாடகம் வழக்கம்போல ஏரிக்கரையில் நடந்தது. அங்கே மேடை திரும்பாது, ஜனங்கள்தான் திரும்புவார்கள். எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கும் பெரிய இரும்புத் தட்டு அது. சுற்றிலும் பிர்ச் மரங்களுக்கிடையே ஒரு பக்கம் பண்ணை வீடு, ஒரு பக்கம் படகுத்துறை. ஒரு காட்சி முடிந்ததும் தட்டை அடுத்த காட்சியின் பக்கம் திருப்புவது என் வேலை. தட்டுக்கு அடியில் ஓர் அறைக்குள் இருப்பேன். விளக்கு ஒரு தடவை சிமிட்டினால் வலது, இரண்டு தடவை என்றால் இடது. அந்தக் கோடையில் ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியிருந்தேன். மூன்றாவது முறை நடந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று ஹெல்ஸ்டன் எச்சரித்திருந்தார். என் வீட்டில் மூன்று மாத இரட்டைக் குழந்தைகள்.

கடைசிச் சனிக்கிழமை. அன்று பார்த்து சுவீடனோடு தடகளப் போட்டி. ஃபின்லாந்தில் பிறந்தவன் எவனும் அன்று ரேடியோவை விட்டு நகரமாட்டான். நானும் மடியில் வைத்திருந்தேன். பத்தாயிரம் மீட்டர், கடைசிச் சுற்று, எங்கள் ஆள் சுவீடன்காரன் தோளை உரசிக்கொண்டு ஓடுகிறான். விளக்கு சிமிட்டியது. ஒன்றா இரண்டா? விசையை இடது பக்கம் இழுத்துவிட்டேன்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். எண்ணூறு பேரும் நாடகத்தில் வரும் கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காட்சியே கிடையாது. சமையல்காரி வேடத்தில் சில்வி, தன் முறைக்காகக் காத்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஒரு கால் காலுறையைக் கழற்றியபடி உட்கார்ந்திருந்தார். தட்டு நின்றுவிட்டால் மோட்டார் மறுபடி கிளம்ப நான்கு நிமிஷம் ஆகும்.

சில்வி நிமிரவில்லை. மழையில் நனைந்த காலுறையை நிதானமாகப் பிழிந்தார். விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த சமையல்காரியைப் போலத் தன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். மடியிலிருந்து ஓர் ஏலக்காய் பன்னை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாதி தின்றார். மீதியைக் கைக்குட்டையில் முடிந்துவைத்தார். படகுத்துறையில் வாத்தியக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் கல்யாணப் பாட்டை வாசிக்கத் தொடங்கினார்கள். வெறும் கால் விரல்கள் தாளம் போட்டன. பிறகு, வாளியில் இன்னொருவர் உட்கார வாகாகக் கொஞ்சம் நகர்ந்தார். அவ்வளவுதான் செய்தார். பக்கத்தில் வந்து உட்கார யாரும் இல்லை என்பது எண்ணூறு பேருக்கும் தெரிந்தது. கொசுவை அடிக்கிற சத்தம்கூட இல்லை. நான் ரேடியோவை எப்போது அணைத்தேன் என்று எனக்கே தெரியாது.

நாடகம் முடிந்ததும் ஹெல்ஸ்டன் மடித்த காகிதம் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"எவன் பண்ணின தப்பு இது? நீதானே ஒய்வா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சில்வி குறுக்கே வந்தார். "அவன்கிட்ட ஏன் கத்துறீங்க? நான்தான் திருப்பச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஆமா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜனங்க என்னைப் பார்க்கட்டும்னு தோணுச்சு."

ஹெல்ஸ்டன் முகம் கறுத்தது. "என் நாடகத்துல உங்க சொந்தக் கச்சேரியா?" என்றார். காகிதத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமைதான் ஆபீஸில் விஷயம் தெரிந்தது. வாளிமேல் சில்வியைப் பார்த்து மனம் மாறி, இடைவேளையில் ஹெல்ஸ்டனே ஓடிப்போய் எழுதி எடுத்து வந்த, சில்வியின் ஒரு வருஷ ஒப்பந்தம் அது. அப்போதாவது நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை. வேறு வார்த்தை போட்டுப் பூச எனக்கு இஷ்டமில்லை.

சில்வி ஒரு பெட்டியோடு ஹெல்சிங்கிக்கு ரயில் ஏறினார். முதல் குளிர்காலம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினார். பிறகு ஒரு படம், அப்புறம் இன்னொன்று, பிறகு தொலைக்காட்சி. மாமியாராக, நர்ஸாக, பஸ் நடத்துனராக, நாட்டில் எல்லா வீட்டுக் கூடத்துக்கும் வந்தார். யாருக்கும் பெயர் தெரியாது, முகம் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பது வருஷம் கழித்து அவர் நடித்த நாடகத்தைப் பார்க்கப் போனேன். ஒப்பனை அறையில் காபி ஊற்றிக் கொடுத்தார். அப்போது சொல்லியேவிட்டேன்.

"அன்னைக்கு ஹெல்ஸ்டன் கையில இருந்தது உங்க ஒப்பந்தம்."

"தெரியும். மடிச்சிருந்தாலும் என் பேரு வெளிய தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உனக்காகவா?" சில்வி சிரித்தார். "உன் குழந்தைங்களுக்காகக் கொஞ்சம், சரி. ஆனா அவன் வந்து என்ன கேட்டான்? எவன் பண்ணின தப்புன்னான். எண்ணூறு பேர் என்னைப் பார்த்து உட்கார்ந்தது அவனுக்குத் தப்பு! இத்தனை வருஷத்துல அந்தத் தட்டு ஒரு தடவை எனக்காகத் திரும்பியிருக்கா? திரும்பினது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒருத்தன் கைதவறித் திரும்பிச்சுன்னு என் வாயால எப்படிடா சொல்வேன்? நான் கேட்டேன், திரும்பிச்சு."

சில்வி உயிரோடு இருந்தவரை யார் கேட்டாலும் நானும் அப்படியேதான் சொல்லிவந்தேன்.