பூங்காவுக்குப் பத்து பேர்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையிலிருந்து என்னை வெளியே அனுப்பியது கடைக்காரர் இல்லை, என் மனைவிதான். சொல்லக் கொஞ்சம் வெட்கம். எழுபத்துமூன்று சித்திரையில் மகள் கல்யாணப் புடவைக்காகப் போயிருந்தோம். மெட்ராசிலிருந்து நாற்பத்தாறு மைல், காலை ஆறு மணி பஸ், ஆளுக்கு இரண்டேகால் ரூபாய். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அவள் பதினோராவது புடவையைப் பிரிக்கும்போது நான் கடையை ஆறாவது முறை சுற்றிக்கொண்டிருந்தேன்.

"புடவ பாக்க வந்தியா, காவல் காக்க வந்தியா? வெளிய போய் நடய்யா!" என்றாள்.

நடந்தேன். கால் மைலில் வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. பெரிய பெரிய புங்க மரங்கள், நடுவே வற்றிய தொட்டி. வாசலிலேயே தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில், நான் ஓடிப்போன மாப்பிள்ளையோ என்று எனக்கே சந்தேகம்.

"நைனா, உள்ள வந்து குந்து. முனிசிபாலிட்டி ஓவர்சியர் தல எண்ண வந்துக்கினு இருக்காரு. பத்து பேரு இல்லன்னா தண்ணிக் கொழாய மூடிடுவாங்க. இந்த வெயில்ல மரம் ஒரு மாசம் தாங்காது."

"ஊர்ல ஆளா இல்ல?"

"எங்கப்பா இருக்குது? நூல் வெல ஏறிச்சு, பாதித் தெரு பெங்களூர், மெட்ராசுன்னு போயிடுச்சு."

முன்பெல்லாம் விடியற்காலையில் நெசவாளர்கள் இந்த நிழலில்தான் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவார்களாம். நிழலுக்குக் கூலியாக, தறிக்கு இரண்டு குடம் தண்ணீர் மரத்துக்கு. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் மரத்தைக் கூட்டிக்கொண்டா போக முடியும்? இப்போது குழாய் ஒன்றுதான் கதி.

உள்ளே ஏழு பேர். அதில் இரண்டு பேர் குறட்டை. என்னோடு எட்டு.

"மீதி ரெண்டு பேர நெய்யப் போறியா?" என்றேன். அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

ஓவர்சியர் வந்தார். தலையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். குறட்டைக்காரர்களையும் சேர்த்து ஏழு, வாசல் பெஞ்சில் நான் எட்டு. அவர் நகர்ந்ததும் என் கால் அரித்தது. எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். அங்கேயும் வந்து, "ஒம்பது" என்றார். தோட்டக்காரர் கண் விரிந்தது.

"நைனா, தலைல துண்டப் போட்டுக்கினு மேற்கால ஓடு!"

போகிறவர்களுக்குச் சில விஷயம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா வண்டி அரை ரூபாய், நடந்தால் பதினைந்து நிமிடம். தலை எண்ணுவது மாதாமாதம் முதல் திங்கள், பத்தரை மணிக்கு. அன்றைக்குப் போனால் உங்கள் தலையும் உதவும். மேற்கு மூலையில் எருக்குழி இருக்கிறது. சருகு மூடித் தரை மாதிரியே தெரியும். ஆழம் இடுப்பளவு; விழுந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஓவர்சியர் குனிந்து என் துண்டைப் பார்த்து, "பத்து" என்று எழுதிக்கொண்டு போனார்.