உள்ளே என்ன என்று கேட்காத வாப்பா

எங்கள் வாப்பா அல்லாஹ்விடம் மீண்டு ஒரு வருடம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருடைய சாமானாவது ஒரு தடவை அவருடைய லொறியில் ஏறியிருக்கும். அதனால் அவர் நல்லவர், பொறுமையானவர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

வாப்பா மன்னார்த் தீவில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது எல்லாரோடும் வெளியேறி, புத்தளத்துக் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் குடியேறினார். வரும் வழியில் நடந்த சோதனையில், தன் உம்மாவின் துணிப் பையை எல்லாரும் பார்க்கத் தரையில் கொட்டிக் கிளறியதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். உள்ளே இருந்தது பழைய உடுப்பு.

உப்பளத்தில் மூட்டை சுமந்தார், லொறியில் கிளீனராக நின்றார், பிறகு சொந்த லொறி எடுத்தார். முழு லொறி பிடிக்க வசதியில்லாதவர்களுக்காகத்தான் ஓடினார். கொழும்பிலிருந்து ஒருவருக்கு இரண்டு பெட்டி, இன்னொருவருக்கு ஒரு அலுமாரி, கற்பிட்டி வரைக்கும். கடைசியாக இறங்குவது முதலில் ஏறும். நிறை கேட்பார், இடம் கேட்பார். உள்ளே என்ன என்று மட்டும் கேட்கமாட்டார்.

கெம்பஸில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த நான் லீவில் வந்து, அவருடைய பில்லைக் கணினியில் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், நிறை, கடைசியில் ‘உள்ளே என்ன’ என்று ஒரு கட்டம். வாப்பா அதில் விரலை வைத்தார்.

“இத எடுத்துடுங்க மகள்.”

“ஏன் வாப்பா? எல்லா எடத்திலயும் கேக்குறாங்க தானே.”

“ஓம், எல்லா எடத்திலயும் கேட்டாங்க. அதான் நான் கேக்குறல்ல.”

பழைய ஆள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு அந்தக் கட்டத்தை அழித்தேன். ஒரு செக்கன் வேலை.

அடுத்த மாதம் கொழும்பில் ஏறிய சாமான்களில் ஒரு பீப்பாய் இருந்தது, இறால் பண்ணைக்காரருக்கு. ஒரு கடதாசிப் பெட்டி, புத்தளத்தில் கராஜ் வைத்திருப்பவருக்கு. இறங்கும் இடங்கள் அடுத்தடுத்தவை என்பதால் அவையும் அடுத்தடுத்து ஏறின. பீப்பாயில் குளம் சுத்தமாக்கும் குளோரின் தூள். பெட்டியில் பிரேக் ஒயில் போத்தல்கள். தனித்தனியே இரண்டும் சாதுவான சாமான்; ஒன்றோடொன்று கலந்தால் தீ.

மிச்சத்தை எனக்குச் சொன்னவர் ட்ரைவர் ரிஸ்வான் நானா. சிலாபத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதே ஆஸ்பத்திரி கழுவினது போல ஒரு மணம் வந்ததாம். யாரோ பினைல் அனுப்பியிருப்பார்கள் என்றாராம் வாப்பா. முந்தல் ஊரைத் தாண்டியதும் மணம் முன்னுக்கு வந்து கண்ணை எரித்தது. நிறுத்தி, பின்கதவைத் திறந்தார்கள். பீப்பாயின் மூடி பிளந்திருந்தது. அதன் மேல் சாய்ந்து கிடந்த பெட்டியின் அடியில் ஈரம். மெல்லிசாய்ப் புகை.

“முதலாளி, வெட்டிப் பாப்பமா?” ரிஸ்வான் நானாவின் கையில் கத்தி இருந்தது.

“மத்தவன்ட பெட்டி தம்பி. நில்லுங்க, கேட்டுட்டு வெட்டுவம்.”

வாப்பா பெட்டிக்காரருக்குப் போன் எடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தபோது பற்றியது. ரிஸ்வான் நானாவை வெளியே தள்ளிவிட்டு அவர் உள்ளே விழுந்தார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சு முழுக்கப் புகை. யாருடைய சாமான் மிஞ்சியது என்று சைகையால் கேட்டார். எல்லாம் மிஞ்சியது என்று பொய் சொன்னேன்.

கை வெந்தும் வாப்பாவை இழுத்தெடுத்த ரிஸ்வான் நானாவுக்கும், தீயில் மண் அள்ளிப் போட்ட பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கும், கண் மூடாமல் பார்த்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாப்பாவின் உடல் வைத்த சந்தூக்கைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் இறால் பண்ணைக்காரரும் கராஜ்காரரும் இருந்தார்கள். அவர்களுடைய சாமான்கள் கலந்துதான் பற்றியது என்று அன்றைக்கு அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பிறகு கேட்டறிந்து நான்தான் போய்ச் சொன்னேன். கராஜ்காரர் போனைக் காட்டினார். வாப்பாவின் மிஸ் கோல் இன்னும் அழியாமல் இருந்தது.

“கேட்டிருந்தா சொல்லிரிப்பேனே மகள்,” என்றார்.

அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது வேறு லொறி ஓடுகிறது. ரிஸ்வான் நானாதான் ஓட்டுகிறார். பில்லில் அந்தக் கட்டம் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் போன கிழமை மூன்று பெட்டிகள் கட்டம் வெறுமையாகவே வந்தன. விசாரித்தால், வாப்பாவின் மேல் வைத்த மரியாதையாம்.

அந்த மூன்றும் ஏற்றப்படாமல் இன்னும் கொழும்பில்தான் கிடக்கின்றன. வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள். பெட்டிக்குள் என்ன என்று எழுதி அனுப்புங்கள்.