சுபஹுக்கு நொண்டினார், அஸருக்கு ஓடினார்

நமது விளையாட்டுக் கழகம் வெளியிடவிருக்கும் ஞாபகார்த்த மலருக்கு, மர்ஹூம் ஹாறூன் ஆசிரியரைப் பற்றி நினைவுரை எழுதித் தருமாறு நிருவாகம் என்னைக் கேட்டது. எழுதுகிறேன். நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தை மாதம், மழை விட்ட முதல் வாரம், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின்: கழகத்தின் தலைவரும் பள்ளிவாசலை நிருவகிக்கும் நம்பிக்கையாளருமான நீங்கள், கதிரையில் அமர்ந்து தொழுத ஹாறூனைச் சபையோர் முன் பரிகாசம் செய்தீர்கள்.

2. சித்திரை விடுமுறையின் கடைசி ஞாயிறு, உதைபந்தாட்ட இறுதிப் போட்டி: அவர் ஓய்வில் இருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை அறிந்திருந்தும் அவரைக் களத்தில் இறக்கினீர்கள்.

3. அதற்கடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் கூடிய பொதுக்கூட்டம்: "காயம் என நடித்துக் கழகத்தைத் தோற்கடித்தவர்" என்று தீர்மானம் நிறைவேற்றி அவரை நீக்கினீர்கள்.

4. இம்மாதத்தின் முதல் திங்கள், அவரை அடக்கம் செய்யுமுன் நடந்த ஜனாஸாத் தொழுகைக்குச் சற்று முன்: அவரை மன்னித்தீர்கள்.

இவற்றுள் நான்காவதை நான் ஒருபோதும் மறக்கப் போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மௌத்துச் செய்தியை அறிவித்த குரல் உங்களுடையது. விஞ்ஞான ஆசிரியர் ஹாறூன், மாரடைப்பு, பிற்பகல் அஸருக்குப் பின் நல்லடக்கம். நீக்கல் தீர்மானத்தை வாசித்த அன்றிருந்த அதே நிதானம் அந்தக் குரலில் இருந்தது. பாரைக்குட்டியை வெட்டிக்கொண்டிருந்த மீன்காரர் கத்தியை நிறுத்தினார்.

"ஆரு சேர், பந்தடிக்கிற ஹாறூனா?"

"ஓம்."

"நொண்டுற மாதிரி நடிச்ச ஆள் எண்டு செல்லுவாங்களே, அவரா?"

முப்பத்தெட்டு வயதில் இறந்த ஒருவர், பத்து வருடங்கள் நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவர், கழகத்தின் பின்வரிசையைத் தனியொருவராகக் காத்தவர். சந்தையில் அவரை அடையாளங்காண எஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். மீனை வாங்காமலே திரும்பினேன்.

அவரும் நானும் ஒரே பாடசாலையில் கற்பித்தோம். ஆசிரியர் அறையில் அவரது மேசைக்கடியில் எப்போதும் ஒரு சோடாப் போத்தல் கிடக்கும். பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே சப்பாத்தைக் கழற்றி, பாதத்தின் கீழ் அதை முன்னும் பின்னும் உருட்டுவார். என்ன நோய் என்று நான் கேட்டபோது கரும்பலகையில் ஒரு பாதத்தை வரைந்தார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை விசிறிபோல் ஓடும் தடித்த பட்டி ஒன்று. இறுகிய தரையில், மெல்லிய அடியுள்ள சப்பாத்துடன், வெட்டி வெட்டி ஓடும் பந்தாட்டக்காரர்களுக்கு அந்தப் பட்டி குதியோடு ஒட்டும் இடத்தில் புண்படும். ஓய்வில் அது சுருங்கி இறுகும். எழுந்து வைக்கும் முதல் அடியில் இழுபட்டுக் கொல்லும். நடந்து சூடேறிய பின் வலி தணியும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும்.

"கட்டிலுக்குக் கீழ ஒருத்தன் ஆணியோட காத்துக்கிட்டு இரிக்கான் நானா," என்றார், மூத்தவனான என்னை எப்போதும் 'நானா' என்று அழைக்கும் அவர். "நான் எழும்பினதும் குதியில அடிச்சிப்போட்டு ஒளிஞ்சிருவான். அஸருக்குத் தேடினா ஆளக் காணக் கெடைக்காது. அவனுக்கும் பந்து பாக்குற ஆசை போல."

ஊருக்கு விளங்காமற் போனது இதுதான். நம்மூரில் ஓர் ஆண் நாளுக்கு இருமுறை எல்லோர் கண்ணிலும் படுகிறான்: விடியலில் வெறுங்காலுடன் பள்ளிவாசலில், மாலையில் மைதானத்தில். படுக்கையிலிருந்து எழுந்து வந்த ஹாறூன், ஹவுழ்த் தொட்டியில் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டுக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதே ஹாறூன் அஸருக்குப் பின் எதிரணியின் முன்வரிசையைத் துரத்திப் பிடித்தார். இரண்டையும் பார்த்தவர்கள் காலையில் பார்த்ததைப் பொய் என்று முடிவுகட்டினார்கள். ஒரு வைத்தியரிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொழுகையின் அத்தஹிய்யாத்து இருப்பில் வலது பாதத்தை நிமிர்த்தி விரல்களை மடக்கி அமர்வோமே, புண்பட்ட அந்தப் பட்டியை அதைவிட இழுக்கும் இருப்பு வேறில்லை. அதனால்தான் அவர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்தார்.

"பந்துக்குக் கால் இரிக்கி, அல்லாஹ்வுக்கு மட்டும் கால் இல்லையா வாத்தியார்?" என்று கேட்டீர்கள், தலைவர் அவர்களே. வராந்தாவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹாறூனும் சிரித்தார். "அல்லாஹ் என்ட சுபஹையும் பாக்கிறான், அஸரையும் பாக்கிறான் தலைவர். நீங்கதான் ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேள்வி கேக்க மறந்துபோனீங்க."

அந்தப் பதிலுக்காகத்தான் நீங்கள் பின்னர் அவரைப் பழிவாங்கினீர்கள் என்று நம்புகிறேன். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கவும்.

இறுதிப் போட்டியன்று நான் கூடாரத்தின் அருகில் இருந்தேன். முதற்பாதி முழுவதும் அவர் ஓடினார். நம் பக்கம் ஒரு பந்தும் உட்புகவில்லை. இடைவேளையில் எல்லோரையும்போல் அவரும் அமர்ந்து தண்ணீர் குடித்தார். அமர்ந்ததே அவர் செய்த பிழை. விசில் ஊதியதும் எழுந்தார். குதியை ஊன்ற முடியவில்லை. இருவர் தோளைப் பிடித்தும் இயலவில்லை.

"மான் மாதிரி ஓடினவன், குந்தி எழும்பினதும் நொண்டியாயிட்டானா? ஆருக்கிட்ட காட்டுறாய் இந்த நாடகத்த?" என்று கத்தினீர்கள். அந்த நோயின் இலக்கணத்தைப் பிசகாமல் சொன்னீர்கள். சொன்னது இன்னதென்று உங்களுக்குத்தான் தெரியவில்லை. இரண்டாம் பாதியில் தோற்றோம். வெள்ளிக்கிழமை தீர்மானம் வந்தது. வைத்தியரின் பெயரைச் சொல்லவும் அவரைக் கூட்டத்தில் விடவில்லை.

அதன்பின் அவர் சுபஹை வீட்டிலேயே தொழுதார். "கழகம் போனாப் போகுது நானா," என்றார் ஒருநாள். "பள்ளிக்குள்ள போகக்குள்ள எல்லாரும் முகத்தப் பாக்க முதல் என்ட காலப் பாக்கிறாங்க. அதத்தான் தாங்க ஏலாம இரிக்கி."

அடக்கத்துக்கு முன் அவரது மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த வலது பாதத்துக்கு நீர் வார்த்தவன் நான். நான் அறிந்த காலத்தில், ஒருவரும் சந்தேகிக்காமல் அது கிடந்தது அன்றுதான்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், மரணித்தவர் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி குடும்பத்தார் சபையிடம் பொருத்தம் கேட்பது நம் வழமை. அவரது மச்சான் எழுந்து கேட்டார். வழமையாக எல்லோரும் மௌனமாய் மனதுக்குள் பொருந்திக்கொள்வோம். நீங்கள் மட்டும் முன்வந்து ஒலிவாங்கியை வாங்கினீர்கள். "கழகத்துக்கு மர்ஹூம் செஞ்ச துரோகத்த நாங்க முழு மனசோட பொருந்திக்கிட்டம்" என்றீர்கள். தொழுகை வரிசைகளான ஸப்புகளில் நின்ற பலர் உங்கள் பெருந்தன்மையை மெச்சித் தலையசைத்தார்கள். பதில் சொல்ல இயலாதவர் சந்தூக்குப் பெட்டியில் கிடந்தார். மன்னிப்பதுபோல் மன்னித்து, குற்றத்தை அவரோடு சேர்த்து அடக்கம் செய்தீர்கள்.

இப்போது அவர் பெயரில் கிண்ணம் வழங்கப் போகிறீர்கள். கணவனை இழந்து, வெளியே வராமல் இத்தாவிலிருக்கும் அவரது மனைவி என் மனைவி மூலம் சொல்லியனுப்பியது இது: "கிண்ணம் வேணாம் எண்டு செல்லுங்க. என்ட மனிசன் நடிக்கல்ல எண்டு ஒரு வரி எழுதித் தரச் செல்லுங்க. நாளைக்கு எங்கட புள்ளையள் அந்தப் பள்ளிக்குத்தானே தொழப் போகணும்."

ஓர் அடியானுக்கு இழைத்த அநீதியை அந்த அடியான்தான் பொருந்த வேண்டும் என்பதை மேடைகளில் எங்களுக்குப் போதிப்பவர் நீங்கள். ஹாறூன் போய்விட்டார். இனி நீங்கள் அவரிடம் பொருத்தம் கேட்க ஓர் இடம்தான் உண்டு. அங்கே தலைவர் பதவியும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. இந்த எண்ணம் எனக்கு ஆறுதல் தருகிறது என்பதை மறைக்க மாட்டேன். உங்களுக்காக துஆச் செய்யும்படி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கதிரையை. பள்ளிவாசலின் பின்னறையில் உடைந்த மின்விசிறிகளோடு கிடந்தது. அவரது மனைவியின் அனுமதியோடு எடுத்துக்கொண்டேன். தினமும் சுபஹுக்கு அதைக் கொண்டுவந்து முதல் ஸப்பின் ஓரத்தில், தொழுகையின் முடிவில் நீங்கள் ஸலாம் கொடுக்க முதலில் திரும்பும் பக்கத்தில் வைக்கிறேன். என் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. அதில் நான் அமர்வதில்லை.

இவ்வுரையை ஒரு சொல்லும் வெட்டாமல் மலரில் அச்சிட வேண்டும். நீக்கல் தீர்மானத்தையும், ஜனாஸாவில் அறிவித்த மன்னிப்பையும் வாபஸ் பெற்று, அவர் நடிக்கவில்லை என்று எழுதி, தலைவராகிய நீங்கள் கையொப்பமிட்டு அவரது வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும். தவறினால் இதன் பிரதிகளை நானே மைதான வாசலில் நின்று பகிர்வேன். முதற்பிரதி சந்தையில் அந்த மீன்காரருக்கு. வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது. அவர் மறைந்த நாற்பதாம் நாள் ஓதப்படும் கத்தத்தன்று அஸர் பாங்கு ஒலிப்பதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வந்து சேர வேண்டும்.