கரண்டில் சுற்றும் கோழி

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சியில் கிளை நூலகராக இருந்தேன். ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பலர் உண்டு. படித்துச் சொல்வதற்கு நேரம் இருந்தவன் நான் ஒருவன்தான். பூச்சிமருந்து டப்பா, கோர்ட்டிலிருந்து வந்த கடிதம், வெளிநாட்டுத் தைலத்தின் காகிதம் எல்லாம் என் மேஜைக்கு வரும். புரியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. புரியாத இடங்களில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். மரியாதை கூடத்தான் செய்தது.

அப்படி என்னை நம்பியவர்களில் ஒருவர் அடுத்த தெருவில் இருந்த பாய். ரியாத்தில் ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு வருடமாகச் சமையல் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அந்தமுறை வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ரூம் காலியாக இருந்தது. அதில் முழுக்கோழியைச் சுட்டு விற்பது என்று முடிவு செய்திருந்தார். கோட்டை ஏறி இறங்கும் ஜனம் எவ்வளவு பசியோடு பஸ்ஸுக்கு நிற்கும் என்பதை நாலு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்து உறுதியும் செய்துகொண்டார். ரூம் கிடைத்தால் இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் வியாழக்கிழமை விமானம். டிக்கெட் பீரோவில் இருந்தது. அவர் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பூராவும் அந்த வீட்டுப் பாத்திரங்கள் வழக்கத்துக்கு மேல் சத்தம் போட்டன.

ரியாத் வீட்டின் தோட்டத்தில் பீங்கானில் செய்த ஓர் அடுப்பு இருந்ததாம். ஆள் இடுப்பளவு உயரத்தில், முட்டை மாதிரி. கீழ்ப் பாதியில் கரி, மேல் பாதி மூடி. இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு வளையத்தை வைத்து, அதன் இரு பக்கத் துளைகளில் நீளக் கம்பியைச் செருகி, கம்பியில் கோழியைக் குத்திவிட்டால் ஒரு முனையில் இருக்கும் மோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பீங்கான் முட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வர முடியாது. வளையம், கம்பி, கோழியைக் கம்பியோடு பிடிக்கும் முள், மோட்டார் ஆகிய நான்கையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். முட்டையை அவலூர்பேட்டை ரோட்டில் பானை வனைகிறவரிடம் சொல்லிச் செய்யவைத்தார். முதல் முட்டை கரி போட்ட அரை மணியில் நெடுக வெடித்தது. இரண்டாவதை இரண்டு விரற்கடை கனத்தில், உமி கலந்த மண்ணில் செய்து, ஒரு வாரம் சும்மா நெருப்பு காட்டிப் பழக்கினார். அது நின்றது.

என் பங்கு காகிதம் படிப்பது. மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். கரியைக் கோழிக்கு நேர் கீழே போடக்கூடாது, இரு ஓரமாக ஒதுக்க வேண்டும். நடுவில் தண்ணீர்த் தட்டு வைத்தால் கொழுப்பு அதில் விழும். கம்பியில் கோழி ஒரு பக்கம் கனத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொப்பென்று விழும், ஆகவே எதிர்ப்பக்கம் எடை கட்ட வேண்டும். இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததுபோலவே சொன்னேன். பாய் பாவம், பன்னிரண்டு வருடமாகத் தினமும் செய்து வந்ததை முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தோம். வேலிகாத்தான் கரி, இரண்டு வெள்ளைக்கோழி. மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. ஒன்றேகால் மணி நேரத்தில் தோல் செம்பு நிறத்துக்கு வந்தது. நான் ஒரு முழுக்காலைத் தின்றுவிட்டு, "ஸ்டாண்டர்டு மெஷின் பாய், நம்பி எறங்கலாம்" என்று சான்றிதழ் வழங்கினேன்.

ரூமுக்குச் சொந்தக்காரர் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். ஏற்கெனவே ஒரு சைக்கிள் கடைக்காரரும் அந்த ரூமைக் கேட்டிருந்தார். மண்டிக்காரர் பாயிடம் சொன்னது இதுதான்: "கோழிய எவன் வேணும்னாலும் பொரிப்பான். ஆளில்லாம கரண்ட்ல சுத்துதுன்றியே, அத பாக்கணும். ஞாயித்துக்கெழம ஒரு மணிக்கு வரேன். பாத்துட்டு யாருக்குன்னு சொல்றேன்."

சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிறு காலையில் ராஜகிரிக் கோட்டை மலை கழுவி வைத்ததுபோல நின்றது. பாய் வீட்டுப் பின்கட்டில் பல்பைப் போட்டோம். கண் கூசியது. "கரண்ட் இன்னிக்கு சூப்பர் சார்" என்றார் பாய். "நல்ல சகுனம்" என்றேன் நான். பதினொன்றரைக்குக் கரி கனிந்தது. பன்னிரண்டுக்குச் சுவிட்சைப் போட்டோம். மோட்டார் செவ்வாய்க்கிழமையைவிட வேகமாகச் சுற்றியது. கொஞ்சம் உறுமவும் செய்தது. உற்சாகம் என்று நினைத்தோம்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு வாசனை வந்தது. கோழி வாசனை இல்லை. பாய் என்னைப் பார்த்தார். மோட்டாரின் காற்றோட்டத் துளையிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது. பாய் வயரைப் பிடுங்கினார். கம்பி நின்றது. இரண்டு கோழிகளும் மார்பு கீழே பார்க்க, நெருப்பின்மேல் அசையாமல் கிடந்தன.

மோட்டாரைத் துணியால் பிடித்துத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்த தகட்டில் 127 என்ற எண் இருந்தது. அந்த எண்ணைக் காகிதத்திலும் பார்த்திருந்தேன். மாடல் நம்பர் என்று எண்ணி மூன்று தடவையும் தாண்டிப் போயிருந்தேன். இப்போதுதான் பக்கத்தில் இருந்த சிறிய V எழுத்து கண்ணில் பட்டது. சவூதி கரண்ட் நம் கரண்டில் ஏறக்குறைய பாதி. செவ்வாய்க்கிழமை சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நம் ஊர் வோல்டேஜ் அதனால் தரையில் கிடந்தது, சவூதி மோட்டாருக்கு அது சொந்த வீடுபோல இருந்திருக்கிறது. மழை பெய்ததும் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. முழுக் கரண்டும் எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதைப் பாயிடம் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "என்னாச்சு சார்?" என்று அவர் கேட்டபோது, "ஓவர் ஹீட்டு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"ஒரு மணிக்கு வந்துடுவாரே" என்றார் பாய். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கம்பியின் மறுமுனையில் மரப்பிடி இருந்தது. மோட்டாரை அரை அங்குலம் பின்னுக்கு இழுத்துவிட்டால் கம்பி தனியாகச் சுழலும், பார்ப்பவர்களுக்கு மோட்டார் அங்கேயே இருப்பதாகத் தெரியும். பிடிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடும் கொடி. அதில் இரண்டு கோணிப்பையை நனைத்துத் தொங்கவிட்டோம். கோணிக்குப் பின்னால் கவிழ்த்த கூடையில் நான் உட்கார்ந்தேன். யோசனை பாயுடையது, கூடை என்னுடையது. நிமிடத்துக்கு மூன்று சுற்று. மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தேன்.

மண்டிக்காரர் ஒரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கே மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்கட்டில் நாற்காலி போடச் சொன்னார். கோணியின் ஓட்டை வழியே அவருடைய வேட்டிக் கரையும் செருப்பும் தெரிந்தன.

"சத்தமே காணோமே பாய்?"

"சவூதி மோட்டாரு ஐயா. சத்தம் வராது."

"நம்மூரு மோட்டாரு தெருவையே எழுப்புது" என்றார் மச்சான்.

பிடி சூடேறிக்கொண்டே வந்தது. இரண்டு கோழி என்ன பெரிய கனம் என்று நீங்கள் கேட்கலாம். இருபத்தைந்து நிமிடம் ஒரே வேகத்தில் சுற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அதுவரை என் வலக்கை செய்த அதிகபட்ச உழைப்பு புத்தகத்தில் தேதி முத்திரை குத்தியதுதான். தோளில் ஆரம்பித்த வலி முழங்கைக்கு வந்தது. இரண்டாவது கோழிக்கு எடை சரியாகக் கட்டவில்லைபோல. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஏறக் கெஞ்சியது, இறங்கும்போது ஓடியது.

"இன்னா பாய், நின்னு நின்னு சுத்துது?"

"கரண்ட் ஏறி எறங்குது ஐயா."

மச்சான் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். "பல்பு ஒரே மாரி எரியுதே மாமா."

கரி ஒரு தடவை வெடித்தது. மண்டிக்காரரின் செருப்பு நாற்காலியிலிருந்து எழுந்து மோட்டார் பக்கம் நகர்ந்தது. இரண்டடி. அப்புறம் நின்றது.

"வயரு கீழ கெடக்குது பாய்."

அந்த நேரம் பார்த்து என் கை மறுத்துவிட்டது. விரல்கள் பிடியின்மேல் இருந்தன, ஆனால் என்னைச் சேர்ந்தவையாக இல்லை. கோழிகள் தொப்பென்று மார்புப் பக்கம் திரும்பித் தொங்கின. தட்டுக்கு வெளியே வடிந்த கொழுப்பு கரியில் விழ, நெருப்பு குப்பென்று எழும்பியது.

சமையலறைக் கதவு திறந்தது. பாயின் மனைவி அதுவரை வெளி ஆண்கள் முன்னால் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தண்ணீர் தருவதுகூடத் திரைக்குப் பின்னாலிருந்துதான். தலைமுக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஈரத்துணியோடு நேராக வந்தார். "தள்ளுங்கண்ணே" என்று கோணியைப் பார்த்துச் சொன்னார். கோணிப்பைகளை ஒரே இழுப்பில் கொடியிலிருந்து உருவிக் கீழே போட்டார்.

கூடைமேல் உட்கார்ந்த நிலையில் நான் எல்லோருக்கும் காட்சியளித்தேன்.

"லைப்ரரி சார்!" என்றார் மண்டிக்காரர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீங்கதான் சவூதி மோட்டாரா?"

வலக்கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைக்கப் பார்த்தேன், அது ஏறவில்லை.

அந்த அம்மாள் பிடியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். யாரையும் பார்க்காமல், கோழியை மட்டும் பார்த்துச் சொன்னார். "மோட்டாரு எரிஞ்சி போச்சி. கோழி எரியல. பத்து நிமிசத்துல ஆயிடும். ஒக்காருங்க."

மண்டிக்காரர் உட்காரவில்லை. பாயின் பக்கம் திரும்பினார். "ஏன்யா, எங்கிட்ட பொய்யா? நான் கேட்டப்பவே எரிஞ்சி போச்சின்னு சொல்ல வேண்டிதுதான?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன். "அவரு மேல தப்பில்லைங்க. மோட்டாரு எந்தக் கரண்ட்டுக்குன்னு காயிதத்துல போட்டிருந்தது. நான்தான் ஒழுங்காப் படிக்கல" என்றேன். அந்த ஊரில் நான் உரக்கச் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். பாய் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே விவரிக்க வேண்டாம்.

"சரி, கடை போட்டா யாரு சுத்துவீங்க? இந்தம்மாவா?" என்றார் மண்டிக்காரர்.

"நான்தான் ஐயா" என்றார் பாய். "பன்னண்டு வருசமா அடுப்புகிட்ட நின்ன கையி. மோட்டாரு ஒரு மோஸ்தருக்குத்தான்."

"வியாழக்கெழம ஃபிளைட்டுன்னியே?"

"போவல."

பிடி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"ரூம் தரேன்னு நான் இன்னும் சொல்லலையே பாய்."

"தரலன்னாலும் போவல ஐயா. வேற எடம் பாத்துக்கிறேன்."

அந்த அம்மாள் சொன்னதுபோல பத்து நிமிடத்தில் கோழி இறங்கியது. ஒரு பக்கம் கருகியிருந்தது. பாய் கருகலைச் சுரண்டி, மற்றப் பக்கத்தைப் பிரித்து இரண்டு தட்டில் வைத்தார். மண்டிக்காரர் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. மண்டியில் நாற்பது வருடம் விலை பேசிய முகம் அது. இன்னொரு துண்டு. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ தின்னு" என்று அடக்கினார். காலைக் கடித்து முடித்து, எலும்பைத் தட்டில் வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கரண்ட்ட நம்பி கடை வெச்சா வாரத்துல மூணு நாளு பூட்டு தொங்கும்" என்றார். "பஸ் ஸ்டாண்டுல நம்ம ரூமு பூட்டிக் கெடந்தா எனக்குத்தான் அசிங்கம். கையில சுத்துறவன் பூட்ட மாட்டான். சைக்கிள்காரன வேற எடம் பாத்துக்க சொல்லிடறேன்." எழுந்து கை கழுவப் போனவர் திரும்பினார். "அந்தச் சனியன் மோட்டார மட்டும் என் மீட்டருல சொருவாத."

அவர்கள் போன பிறகு பாயின் மனைவி பிடியை விட்டுவிட்டுக் கணவரை நேராகப் பார்த்தார். "அவரு தரலன்னாலும் போவலன்னீங்களே, நெசமா?"

"நெசந்தான்."

அந்த அம்மாள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டார். உள்ளே போனார். நான் என் பங்குக் கோழியை இடக்கையால் தின்ன முடியாமலும் வலக்கையைத் தூக்க முடியாமலும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நூலகம் திறந்ததும் பாய் வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கமும் திருப்பவில்லை. மெட்ராஸிலிருந்து விமானம் ஐந்தே முக்காலுக்கு. ஐந்தரைக்கு அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐந்தே முக்கால் ஆயிற்று. இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார், லேட்டாகக் கிளம்பும் விமானங்களுக்கும் இடம் கொடுப்பவர்போல.

"போயிருக்கும் இல்ல சார்?"

"போயிருக்கும் பாய்."

பேப்பரை மடித்து இருந்த இடத்தில் வைத்தார். "செவுத்துக்கு சுண்ணாம்பு வாங்கணும். ஆறு மணிக்கு கடைய சாத்திடுவான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சைக்கிளில் ஏறும்போது முதல் மிதியில் கால் வழுக்கியது. இரண்டாவதில் ஏறிக்கொண்டார்.