ஈரக் கோணி

நகராட்சி வண்டியின் சத்தம் கேட்டால் போதும், டெல்பினின் கை தானாக ஈரக் கோணிக்குப் போய்விடும். ஒரே வீச்சில் நெருப்பை மூடிவிடுவார். பிறகு பழக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல ஆற்றைப் பார்த்து நிற்பார்.

கனடாவில், சஸ்காச்சுவான் ஆற்றின் இந்த வளைவில்தான் அவருடைய கிரீப் பழங்குடி மக்கள் கோடைதோறும் கூடாரம் போட்டார்கள். நகராட்சி அதைப் பூங்காவாக்கி, புல் வளர்த்து, நெருப்பு மூட்டத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் டெல்பினின் அம்மா வந்தார். பெர்ரி பழுத்ததும் மாமன்மார், சித்திகள், பிள்ளைகள் என்று கும்பலாக வந்து இறங்குவார்கள். வில்லோ விறகின் புகை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். குச்சியில் சுற்றிய மாவு பாதி வேகும்போதே வண்டி வந்துவிடும். ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் மாவாகவே இருக்கும் அந்த ரொட்டிக்குக் குடும்பத்தில் 'பூங்கா ரொட்டி' என்றே பெயர். அதைப் பிட்டுக் கொடுக்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும்.

"கேட்டா, பொகைன்னு சொல்லிடும் எங்கம்மா" என்பார் டெல்பின்.

இந்த வசந்தத்தில் நகர மன்றம் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கரையில் நெருப்பு மூட்ட அவர்களுக்கு இனி யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று வாக்கும் கொடுத்தது. கூட்டத்தில் டெல்பினும் கைதட்டினார். ஆனாலும் பெர்ரி பறிக்கப் போன முதல் நாள், கோணியை ஆற்றில் நனைத்துத்தான் பக்கத்தில் வைத்தார்.

தங்கை மகள் ரொவீனா கிண்டலடித்தாள். "மேயரே சொல்லிட்டாரு ஆன்ட்டி. இன்னும் எதுக்கு இது?"

"அவரு வாயால சொன்னாரு. நெருப்பு தரையிலதானே எரியுது."

நடுப்பகலில் வண்டி வந்தது. இறங்கியவர் கோலின். போன வருடம் இதே இடத்தில் நெருப்பின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டிய பூங்காக் காவலர். டெல்பினின் கை கோணியைத் தூக்கியது, பாதியில் நின்றது. கோலின் தயங்கித் தயங்கி அருகில் வந்து, வண்டியில் காய்ந்த விறகு இருக்கிறது, இறக்கட்டுமா என்று கேட்டார்.

டெல்பின் அவரை மேலும் கீழும் பார்த்தார். "போன வருஷம் தண்ணி. இந்த வருஷம் வெறகு. அடுத்த வருஷம் மாவும் வெண்ணெயும் கொண்டு வா தம்பி, உன்னைக் குடும்பத்துல சேத்துக்கறோம்."

அன்று ரொட்டி இரண்டு பக்கமும் பொன்னிறமாக வெந்தது. ரொவீனா ஒரு வாய் கடித்து மென்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பூங்கா ரொட்டி மாதிரி இல்லையே ஆன்ட்டி."

டெல்பின் எழுந்து போய்க் கோணியை முறுக்கிப் பிழிந்தார். உதறி, வெயிலில் காயப் போட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும் கிளையில்.