ஆட்டுக்கால் சூப்

என் நாத்தனார் ஜெனிட்டாவுக்கு எலும்பைக் கரைக்கும் அபூர்வ நோய். முதுகெலும்பில் தொடங்கிய அது, பக்கத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் நாளத்தையும் அரித்துவிட்டதால், நெஞ்சுக்குள் பால் போன்ற நீர் கோத்துக்கொண்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அதை ஒரு பாட்டிலில் வடித்தார்கள். எண்ணெய், நெய், கறி எதுவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு நீரும் தெளிந்துகொண்டே வந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெறும் கஞ்சியைக் குடித்தால் எலும்பு எப்படி வளரும்? எங்கள் ஊர் போலகத்துக் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக்கால் வாங்கி, சூப் வைத்து, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காரைக்காலில் பஸ் ஏறினேன்.

"டாக்டரம்மா வேணாம்னாங்களே, அண்ணி."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எலும்புக்கு எலும்புதான். குடிம்மா."

குடித்தாள். மறுநாள் காலை பாட்டிலில் நீர் மறுபடியும் பாலாக வெளுத்திருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

நான் ஃபிளாஸ்க்கைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஜெனிட்டாதான் பேசினாள்.

"ஆசையா இருந்துச்சு டாக்டர். நான்தான் சூப் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

திட்டெல்லாம் அவளுக்கே விழுந்தது. வாய்வழிச் சாப்பாட்டையே நிறுத்தி, நரம்பு வழியாகச் சத்து ஏற்றினார்கள். நான் போர்வையைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தே நின்றேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கஞ்சி கொண்டுபோனால், "இதுல என்ன போட்டீங்க, அண்ணி?" என்று ஒருநாளும் கேட்பதில்லை, வாங்கி அப்படியே குடித்துவிடுகிறாள். ஒருமுறையாவது கேட்டுவிட்டால் தேவலை என்றிருக்கிறது எனக்கு.